கண்ணுக்குப் பின்னால் இரண்டு குழி

கணவன் வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். கீழ்வரிசையில் இடது ஓரம், ஏழு வாரத்துக்கு முன்னால் பல் டாக்டர் வேரோடு பிடுங்கிப் போட்ட இடத்தில், ஈறைக் கீறிக்கொண்டு அரிசிமணி அளவுக்கு வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது.

பிடுங்கிய அன்று அவள் பக்கத்திலேயே இருந்தாள். டாக்டர் இரண்டு வேரையும் பஞ்சின்மேல் வைத்துக் காட்டி, ஒரு துணுக்குகூட உள்ளே தங்கவில்லை என்றார். குழி ஆறட்டும், பிறகு வேண்டுமானால் செயற்கைப் பல் கட்டிக்கொள்ளலாம் என்றார். கணவனுக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த வயதில் போன பல் திரும்பாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

"வாயைத் திறங்க, பாக்கிறேன்" என்றாள்.

அவன் திறக்கவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையசைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் படியேறினான். அவன் கடந்துபோன இடத்தில் ஈரக் களிமண் வாசம் சற்று நேரம் நின்றது.

பின்னால் மகள் சிரித்தாள். அவளுக்கு ஏழு வயது. வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள். முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் பொக்கைவாய். "அப்பாவுக்கும் என்னை மாதிரி புதுப்பல் வருதும்மா. எனக்குக் காட்டினாரு. நிறைய வருது" என்றாள்.

நிறைய என்ற அந்தச் சொல் சோற்றில் கிடந்த கல்லைப்போல அன்று முழுக்க அவளுக்குள் நறநறத்தது.

அவளுக்குப் பல்லைப் பற்றி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அவள் வேலை அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில். வேட்டையாடித் தின்று வாழ்ந்து, பூண்டோடு அழிந்துபோன ஊர்வனவற்றின் மண்டையோடுகளைப் பாறையிலிருந்து பிரித்தெடுத்து, அளந்து, இது இன்ன கூட்டம், இன்ன குடும்பம் என்று எழுதிவைப்பது. வாசல் காவலாளி அவளை மண்டை மேடம் என்பார். "மண்டை காயாம பாத்துக்குங்க மேடம்" என்று பத்து வருடமாக ஒரே நகைச்சுவையைச் சொல்லிவருகிறார். அவளும் பத்து வருடமாகச் சிரித்துவைக்கிறாள்.

அந்த வேலையின் அரிச்சுவடி எண்ணுவது. கண்குழிக்குப் பின்னால், நெற்றிப்பொட்டுப் பக்கம், எலும்பில் எத்தனை துளை என்று முதலில் பார்க்க வேண்டும். தாடையை மூடும் தசைக்கு இடம் கொடுப்பவை அந்தத் துளைகள்தாம். ஆமைக்குத் துளையே கிடையாது. மனிதன், நாய், பசு, எலி என்று பால் கொடுத்து வளர்க்கும் அத்தனைக்கும் ஒன்று. முதலைக்கும், மண்ணோடு போய்விட்ட அதன் சொந்தபந்தங்களுக்கும் இரண்டு. ஒன்றின்மேல் ஒன்றாக, நடுவில் மெல்லிய எலும்புச் சட்டத்தோடு. கொம்பு வரும், போகும். மூக்கு நீளும், குறுகும். அதையெல்லாம் நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. துளையை எண்ணி ஏமாந்தவர்கள் குறைவு.

பல்லும் அப்படித்தான். மனிதருக்கு இரண்டே தடவை முளைக்கும். அவள் மேசைக்கு வரும் மிருகங்களுக்கு வாழ்நாள் முழுக்க. மேலே நிற்கும் பல் விழுவதற்கு முன்பே அடுத்தது அடியில் முளைத்துத் தயாராக நிற்கும்.

கணவன் அதே அருங்காட்சியகத்தின் தோண்டும் குழுவுக்கு மேஸ்திரி. ஏழு வாரத்துக்கு முன்னால், ஒரு மண்டையோட்டைச் சுற்றி மண்ணை அகற்றிக்கொண்டிருந்தபோது குழியின் ஒரு பக்கச் சுவர் அப்படியே சரிந்து அவனை மூடிவிட்டது. நாலு மணி நேரம் கழித்து உயிரோடு எடுத்தார்கள். உடைந்தது ஒரே ஒரு பல். மறுபிறவி என்றார்கள் எல்லோரும். அவளும் அப்படித்தான் நினைத்தாள்; ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, இனிமேல் இந்த மனிதனோடு ஒரு நாளும் சண்டை போடுவதில்லை என்று தனக்குள் சபதம்கூட எடுத்துக்கொண்டாள்.

சண்டைக்கு அவன் இடமே கொடுக்கவில்லை என்பதுதான் பிறகு உறுத்த ஆரம்பித்தது. முன்பெல்லாம் குழம்பில் உப்புக் குறைந்தால் ஒரு சண்டை, செருப்பு இடம் மாறியிருந்தால் ஒரு சண்டை. கத்தி முடித்துவிட்டு அவனே வந்து அசடு வழிவான். இப்போது உப்பே போடாமல் வைத்தாலும் ஒரு சொல் இல்லை. அக்காவிடம் போனில் சொன்னபோது அக்கா சிரித்தாள். தலையில் அடிபட்டுத்தான் சில ஆண்களுக்குப் புத்தி வரும், தன் வீட்டுக்காரரையும் அந்தக் குழிப்பக்கம் அனுப்பிவைக்கட்டுமா என்று கேட்டாள். அவளும் சேர்ந்து சிரித்தாள். போனை வைத்தபிறகு, உப்புப் போடாமல் வைத்தது தெரியாமல் நடந்ததில்லை என்பதை அக்காவிடம் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது.

அவன் காலையில் பேசுவதில்லை. எழுந்ததும் மாடிக்குப் போய் வெயிலில் மல்லாந்து கிடப்பான். ஒன்பது, ஒன்பதரை ஆனபிறகுதான் கையில் சூடு வரும், குரல் வரும். டாக்டர் அதிர்ச்சி என்றார். இரத்த ஓட்டம் சீராக நாளாகும் என்றார். அதுகூடப் பரவாயில்லை. சாப்பிடும்போதுதான் அவளால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. அவன் மெல்லுவதை விட்டிருந்தான். ரொட்டியைப் பாதியாகக் கிழித்து வாயில் போட்டு, தலையைச் சட்டென்று முன்னால் ஒரு வெட்டு வெட்டுவான். துண்டு தொண்டைக்குள் போய்விடும். அப்போது தாடைமூட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் இருந்தாலும் கேட்கும். சிட்டுவுக்கு அது வேடிக்கை. அவளும் ரொட்டியை அப்படி விழுங்கப் பார்த்து ஒருநாள் புரையேறிக் கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அவன் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். மிகவும் மெதுவாக, மிகவும் பிரியமாக. அந்தப் பிரியத்தில் பொய் ஏதும் தெரியவில்லை.

அவன் தோண்டிக்கொண்டிருந்த அந்தப் பாறைத் துண்டு, சாக்குத்துணியும் சாந்தும் சுற்றிய கட்டாக, விபத்து நடந்து இரண்டு வாரத்தில் அவள் மேசைக்கு வந்திருந்தது. உறையை அறுத்து, விரிசலோடு உளி வைத்துத் தட்டி, பாறையை இரண்டாகப் பிளந்தாள். உள்ளே எலும்பு இல்லை. எலும்பு இருந்த இடம் மட்டும் இருந்தது. பலகாரத்தை எடுத்துவிட்ட அச்சுப்போல. இப்படி நடப்பதுண்டு. நிலத்தடி நீர் எலும்பைக் கரைத்துவிட்டுப் பள்ளத்தை மட்டும் விட்டுவைக்கும். ஆனால் அப்படிக் கரைந்த இடத்தில் துரு இருக்கும், எலும்புப் பொடி இருக்கும், சுவர் சொரசொரவென்று இருக்கும். இது முட்டையோட்டின் உட்புறம்போல வழவழவென்று இருந்தது. விரலை வைத்தால் ஈரமாக இருப்பதுபோல ஒரு மயக்கம்.

அவள் அதில் ரப்பர் பாலை ஊற்றி வார்ப்பு எடுத்தாள். முழங்கை நீளத்துக்கு ஒரு மண்டை எழுந்து வந்தது. கண்ணுக்குப் பின்னால் இரண்டு துளை. கண்ணுக்கு முன்னால், மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில், முக்கோணமாக இன்னொன்று. இன்றைய முதலைகள் இழந்துவிட்டது அது. ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் நிற்கும் தட்டையான பல், ஓரத்தில் அரம்போல நுண்ணிய அறுப்பு. முதலைக்கு ஒன்றுவிட்ட பங்காளி, ஆனால் நீரில் கிடந்ததில்லை. காலை நிமிர்த்தித் தரையில் நடந்து வேட்டையாடியது என்று தெரிந்த கூட்டத்தின் பெயரை எழுதினாள். குடும்பம் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டாள். எந்தக் குடும்பத்திலும் அது அடங்கவில்லை.

பல்லைப் பார்த்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் முடியை அவள்தான் வெட்டிவிடுவாள். பின்கட்டில் நாற்காலி போட்டு, பழைய துண்டைக் கழுத்தில் சுற்றினாள். மாடியில் கிடந்து வந்ததால் தலை கொதித்தது. வெயில் பளீரென்று இருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சிட்டு உள்ளே தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தாள். பயப்பட அங்கே ஒன்றும் இல்லை. காதோரம் முடியை ஒதுக்குவதுபோல விரலைப் பொட்டில் வைத்தாள்.

முதலில் இடது கன்ன எலும்பைத் தேடினாள். கல்யாணத்துக்கு முன்பு கடப்பாரையின் முனை பட்டு அதில் நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு உண்டு. பதினோரு வருடமாக அவள் விரலுக்குப் பழக்கமான இடம். தூக்கம் வராத நேரங்களில் அதைத் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறாள். அது இல்லை. எலும்பு மொழுக்கென்று ஓடியது.

விரல் மேலே ஏறியது. கன்ன எலும்புக்கு மேலே பள்ளம். சரி. அது எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேலே எலும்பு தொடர்ந்து வழித்துக்கொண்டு போக வேண்டும், உச்சிவரைக்கும் ஒரே கூரையாக. போகவில்லை. ஒரு சட்டம் குறுக்கே வந்தது. பென்சில் தடிமன். அதைத் தாண்டியதும் தோல் மறுபடி உள்வாங்கியது. இன்னொரு பள்ளம். ஆழமாக. அடியில் ஏதோ மெல்லத் துடித்தது.

அவள் கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன எண்ணுற?" என்றான் அவன். திரும்பவில்லை.

"நரைமுடி."

"எத்தனை?"

"ரெண்டு."

அவன் அவள் கையைத் தன் கையால் மூடி, பொட்டிலிருந்து எடுத்து, கண்ணுக்கு முன்னால், மூக்கின் ஓரத்தில் கொண்டுவந்து வைத்தான். "முன்னாடியும் பாரு" என்றான்.

தோலுக்கு அடியில் எலும்பு இல்லை. முக்கோணமாக, மெத்தென்று இருந்தது. அவன் மூச்சிழுக்கும்போது அது குழிந்தது, விடும்போது உப்பியது.

மீதி முடியை எப்படி வெட்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. வெட்டினாள். துண்டை உதறினாள். முடியைக் கூட்டி அள்ளினாள். குளித்துவிட்டு வரச் சொன்னாள். இதையெல்லாம் செய்ய முடிந்தது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது? மண்டையோடு மண்டையோடு என்று புரட்டிப் புரட்டி மண்டை மேடத்துக்கே மண்டை கலங்கிவிட்டது என்பார்கள். அவளுக்கும் அப்படி இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது. பல் டாக்டருக்குப் போன் செய்தாள். சிலருக்கு ஈறுக்குள் உபரிப் பல் ஒளிந்திருக்கும், நேரில் கூட்டிவாருங்கள், படம் எடுத்துப் பார்க்கலாம் என்று அவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அன்று முழுக்கத் தொங்கினாள். உபரிப் பல். வீக்கம். அடிபட்ட எலும்பு தாறுமாறாகக் கூடியிருக்கலாம். இருக்கலாம்.

மறுநாள் மதியம், குழியிலிருந்து இரண்டாவது கட்டு லாரியில் வந்தது. கூட வந்தவர் தோண்டும் குழுவின் மூத்த ஆள். கையைவிட்டுக் கடப்பாரை இறங்காது என்பதால் எல்லோருக்கும் அவர் கடப்பாரை அண்ணன். அவளைக் கல்யாணத்தன்றிலிருந்தே தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். பாறைக் கட்டை மேசையில் ஏற்றிவைத்துவிட்டு ஆட்கள் போன பிறகும் அவர் போகவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"மேஸ்திரி வீட்ல நல்லாத்தான் இருக்காராம்மா?" என்றார்.

ஏன் கேட்கிறீர்கள் என்றாள். அவர் மேசைமேல் இருந்த ரப்பர் வார்ப்பைப் பார்த்தார். எலும்பு எங்கே என்று கேட்டார். எலும்பு கிடைக்கவில்லை, எப்போதோ கரைந்துபோய் அச்சு மட்டும்தான் இருந்தது என்று அவள் சொன்னதும் அவர் முகம் மாறியது. இல்லை என்றார். விபத்தன்று காலையில் அந்தப் பாறை பாதி திறந்துதான் கிடந்ததாம். பழுப்பாக, கெட்டியாக எலும்பு வெளியே தெரிந்ததாம். பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ததே அவர்தானாம். பல்லைக்கூட எண்ணியிருக்கிறார். சரிந்த மண்ணை அள்ளியபோது பாறை ஒரு விரிசலோடு மூடிக்கிடந்ததாம், அப்படியே சுற்றிக் கட்டி அனுப்பினார்களாம்.



"தங்கச்சி, நாலு மணி நேரம் மண்ணுக்குள்ள கெடந்த மனுஷன். மூக்குல ஒரு துளி மண் இல்ல. மூச்சு வாங்கல. தண்ணி கேக்கல. எந்திரிச்சு உக்காந்து எங்களை ஒவ்வொருத்தரா பாத்தாரு. அப்புறம், 'என் வீடு எங்க இருக்கு'ன்னு கேட்டாரு."

அவள் ரப்பர் வார்ப்பைத் துணியால் மூடினாள்.

"அதிர்ச்சின்னு நெனச்சோம். நான்தான் வழி சொன்னேன்" என்றார். துண்டைக் கையில் முறுக்கினார். "நான்தாம்மா சொன்னேன்."

புதிய கட்டைப் பற்றிக் கேட்டாள். மேஸ்திரி கிடந்த இடத்துக்குச் சரியாகக் கீழே, அந்தப் பெரிய பாறையை ஒட்டினாற்போல இருந்ததாம். உருண்டையாக ஏதோ தெரிந்தது, உடைத்துப் பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை, அப்படியே சுற்றிக் கட்டிவிட்டோம் என்றார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் அவள் கண்ணைப் பார்க்காமல் போய்விட்டார்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு உறையை அறுத்தாள். சாந்து பொடியாகி மூக்கில் ஏறியது. காற்று உளியை முடுக்கினாள். சின்ன ஊசிமுனை, தேனீ இரைவதுபோலச் சத்தம். களிப்பாறை செதில் செதிலாக உரிந்தது. ஒரு மணி நேரத்தில் வளைவாக எலும்பு தெரிந்தது. பழுப்பு நிறம். தட்டிப் பார்த்தாள். கல். கோடிக்கணக்கான வருடம் மண்ணில் கிடந்து கல்லான எலும்பின் கணீர் ஒலி அவளுக்கு அத்துப்படி, அதுதான் இது. மனம் கொஞ்சம் லேசானது. பழைய எலும்பு. வேலை. இது அவளுடைய இடம்.

உச்சி உருண்டையாக இருந்தது. ஊர்வனவற்றுக்கு உச்சி இப்படி இருக்காது.

உளியை நிறுத்தவில்லை. நெற்றி வந்தது. செங்குத்தாக. கண்குழிகள் வந்தன, இரண்டும் முன்னோக்கி. மூக்கு இருந்த இடத்தில் சின்னதாக ஒரு துவாரம். பல் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வெட்டும் பல், கோரைப்பல், கடைவாய்ப்பல், வடிவம் வெவ்வேறாக. அவள் பிரஷ் போட்டாள். ஊதினாள். விரலைக் கண்குழிக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

ஒன்று.

விரல் கன்ன எலும்பில் இறங்கியது. இடது பக்கம். அவள் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டாள். நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு. அவள் விரல்நுனி அதில் போய் அப்படியே உட்கார்ந்தது, பதினோரு வருடப் பழக்கத்தில்.

அழுகை வரவில்லை. உளியை அணைத்தாள். அந்தக் கல்லைப் பஞ்சு மெத்தையில் சாய்க்காமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஏழு வாரமாக அவள் விதவை. ஏழு வாரமாக அது தெரியாமல் ஒருவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள், கட்டிலில் இடம் கொடுத்திருக்கிறாள், முடி வெட்டிவிட்டிருக்கிறாள். ஏழு வாரத்தில் எலும்பு எப்படிக் கல்லாகும், கல் எப்படி எழுந்து நடக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தாள். நடுவில் சுவர்க்கடிகாரம் கண்ணில் பட்டது. மூன்றேகால்.

சிட்டுவின் பள்ளிக்கூடம் மூன்று மணிக்கு விட்டுவிடும். விபத்துக்குப் பிறகு லீவில் இருப்பவன் என்பதால், கூட்டிக்கொண்டு வருவது அவன்தான்.

வீட்டுக்குப் போன் செய்தாள். ஒன்பது தடவை அடித்து, பத்தாவதில் எடுத்தார்கள்.

"அம்மா" என்றாள் சிட்டு. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா எங்க?"

"இங்கதான். விளையாடிட்டிருக்கோம்."

"சிட்டு, நீ இப்ப வாசக்கதவைத் திறந்து பக்கத்து வீட்டுக்குப் போறியா? அம்மா சொல்றேன்ல. போறியாடா கண்ணு?"

"இப்ப முடியாதும்மா. என் முறை வந்திடுச்சு."

"என்ன விளையாட்டு?"

மறுமுனையில் அவள் யாரையோ திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு போனை வாயோடு ஒட்டிவைத்துக் குசுகுசுத்தாள். "தூக்குற விளையாட்டு. சொல்லக் கூடாதாம்."

'டக்' என்று ஒரு சத்தம். இணைப்பு அறுந்துவிட்டது.

மேசைமேல் கிடந்த சுத்தியலை அவள் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். படியேறினாள். காவலாளி ஏதோ சொன்னார். தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது. டாக்சியில் ஏறி விலாசம் சொன்னாள். டிரைவர் இரண்டு தடவை கேட்டார். ஒரு சிக்னல். இன்னொரு சிக்னல். முன்னால் போன பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒரு குழந்தை நாக்கை நீட்டி அழகு காட்டியது. போனை மறுபடி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது.

தெரு எப்போதும்போல இருந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார். என்ன இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று கேட்டார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

வாசற்கதவு பூட்டியிருக்கவில்லை.

கூடத்தில் பள்ளிக்கூடப் பை. தண்ணீர்ப் பாட்டில். கழற்றிப் போட்ட காலணி ஒன்று இங்கே, ஒன்று அங்கே. ஈரக் களிமண் வாசம் முகத்தில் அறைந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சமையலறையில் யாரும் இல்லை. பின்கட்டில் யாரும் இல்லை.

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

சுத்தியலை எடுத்துக்கொண்டாள். காலால் கதவைத் தள்ளினாள்.

ஜன்னலோரம் தரையில் அவன் உட்கார்ந்திருந்தான். சம்மணம் போட்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு. மடியில் சிட்டு குறுக்கே படுத்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை. வெள்ளைக் காலுறை. வயிறு சீராக ஏறி இறங்கியது.

தலை தெரியவில்லை.

அவளுக்கு முதலில் புரியவில்லை. கண் பார்த்தது, புத்தி ஏற்க மறுத்தது. அவன் வாய் காதுவரைக்கும் போயிருந்தது. காதையும் தாண்டி. எங்கும் கிழிசல் இல்லை, ரத்தம் இல்லை. அப்படித் திறப்பதற்கென்றே வளர்ந்த வாய். கீழ்த்தாடை மார்பில் கிடந்தது. மேல்வரிசை, கீழ்வரிசை, தட்டையாக, நெருக்கமாக. அதற்கு நடுவில், நாக்கின்மேல், கழுத்துவரைக்கும் அவள் மகள்.

முதலை தன் குஞ்சை இப்படித்தான் வாயில் வைத்துத் தூக்கிப் போகும். ஒரு கீறல் விழாமல் தண்ணீருக்குக் கொண்டுபோய் விடும். அவளுக்குத் தெரியும். அதே வாயால்தான் எருமையின் தொடையை முறிக்கும். அதுவும் தெரியும்.

"சிட்டு" என்றாள். கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"அம்மாவா?" உள்ளேயிருந்து, குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல வந்தது குரல். தூக்கக் கலக்கம். "கத்தாதம்மா. கத்தினா அப்பாவுக்கு வாய் மூடிக்குமாம்."

சுத்தியல் கையில் கனத்தது. மண்டையில் எங்கே அடித்தால் எது உடையும் என்று அந்த ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். தாடையைத் திறந்து பிடிக்கும் தசை சின்னது, சோனி. மூடும் தசைதான் மலைபோல. அடித்தால் முதலில் விட்டுப்போவது எது என்றும் தெரியும்.

அவள் சுத்தியலைத் தரையில் வைத்தாள். மிக மெதுவாக.

அவன் கண்கள் அவளைவிட்டு அகலவில்லை. அதில் கோபம் இல்லை. பசி இருந்ததா, பாசம் இருந்ததா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு கையைத் தூக்கி, பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினான். வா, உட்கார்.

போனாள். உட்கார்ந்தாள். கையை நீட்டி மகளின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. நாடி துடித்தது. காலுறைக்குள் விரல்கள் ஒரு தடவை நெளிந்து, அம்மாவின் கையை அடையாளம் கண்டு அடங்கின.

வெளியே பக்கத்து வீட்டுக்காரம்மா யாரையோ கூப்பிட்டுச் சிரித்தார்.

அவன் மூச்சை இழுத்தான்.

அவள் பிடித்திருந்த கால் ஒரு விரற்கடை நகர்ந்தது. அவனை நோக்கி.